தாத்தாவின் பட்டாளத்துப் பதக்கங்கள்: புளி போட்டுத் துலக்காதீர்கள்

கேள்வி: டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அப்பாவின் அப்பா இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர். அவருடைய ட்ரங்குப் பெட்டி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதில் நான்கு பதக்கங்கள், பழுப்பு அட்டை போட்ட ஒரு பே புக் (பட்டாளத்துச் சம்பளக் கணக்குப் புத்தகம்), யூனிஃபோமில் எடுத்த ஒரு படம், பித்தளை பக்கிள் வைத்த தோல் பெல்ட், ஒரு துப்பாக்கித் தோட்டா. அப்பாயி இருந்தவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் குத்துவிளக்கோடு சேர்த்துப் பதக்கங்களையும் புளி, சாம்பல் போட்டுத் துலக்குவார். இப்போது நட்சத்திரத்தின் முனைகள் சிவந்து, சில இடங்களில் பச்சையாகப் பூத்திருக்கிறது. புத்தகம் பூஞ்சணம் பிடித்து, பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. லேமினேட் பண்ணிவிடலாமா? வட்டப் பதக்கம் இரண்டும் வெள்ளி என்று நகைக் கடைக்காரர் சொல்கிறார். மவுண்ட்பேட்டன் பிரபு பேராதனையில் வைத்துத் தன் கையாலேயே குத்திவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். தோட்ட மக்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் கோத்தகிரிக்குப் போய்விட்ட சித்தப்பா தனக்கு இரண்டு பதக்கமாவது வேண்டும் என்கிறார். என்ன செய்வது?

பதில்:

முதலில் தோட்டா. மற்றதெல்லாம் ஒரு மாதம் காத்திருக்கும், இது காத்திருக்காது. அடிப்பக்கத்து நடுவில் உள்ள சிறு வட்டத்தில் ஊசி குத்தியதுபோலப் பள்ளம் இருந்து, முனையில் குண்டும் இல்லாமல் வெறும் குழாயாக இருந்தால் அது சுட்டுத் தீர்ந்த கோது. குண்டு இன்னும் முனையில் இருந்தால் உயிருள்ள தோட்டா என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எண்பது வருடமானாலும் உள்ளே இருக்கும் மருந்து செத்துப்போயிருக்கும் என்று நம்ப வழியில்லை. ஆட்டிப் பார்ப்பது, குறடால் பிடுங்குவது, அடுப்படியில் காயவைப்பது, துலக்குவது எதுவும் வேண்டாம். உரிமம் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றமும்கூட. பையில் போட்டு பஸ்ஸில் பொலிஸுக்கு எடுத்துப் போகாதீர்கள். பெட்டியை அப்படியே விட்டு, 119க்கோ உங்கள் பொலிஸ் நிலையத்துக்கோ தகவல் சொன்னால் அவர்களே வந்து எடுப்பார்கள். தோட்டத்து ஆட்களுக்கு இந்த விஷயத்தில் பொலிஸ் என்றால் தயக்கம் இருக்கும், அதற்குக் காரணமும் இருக்கிறது. கிராம சேவகரையோ தெரிந்த சட்டத்தரணி ஒருவரையோ முதலில் கூப்பிட்டு, அவர் முன்னால் தகவல் கொடுங்கள். பே புக்கின் முதல் பக்கத்தைப் படமெடுத்துக் கையில் வைத்திருங்கள். பெட்டி யாருடையது, தோட்டா எந்தக் காலத்தது என்பதற்கு அதுதான் உங்கள் சாட்சி.

இனிப் பதக்கங்கள். நீங்கள் அனுப்பிய படங்களே போதும். ஆறு முனை நட்சத்திரம் இரண்டு. கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் மூன்றும் சம அகலத்தில் ஓடும் ரிபன் உள்ளது 1939–45 நட்சத்திரம். போர்க்களப் பகுதியில் பொதுவாக 180 நாள் பணி செய்தவர்களுக்குக் கொடுத்தது. கருநீலத்தின் நடுவே அகலச் சிவப்பும், இரு பக்க நீலத்திலும் ஒரு செம்மஞ்சள் கோடும் உள்ளது பர்மா நட்சத்திரம். வட்டப் பதக்கங்களில், இரட்டைத் தலை டிராகனின் மேல் சிங்கம் நிற்பது 1939–45 போர்ப் பதக்கம். இந்தியாவின் வரைபடம் பொறித்தது இந்தியச் சேவைப் பதக்கம்.

இந்த நான்காவதுதான் கதையைத் திருப்புகிறது. அது இந்தியப் படைகளில் இருந்தவர்களுக்கு மட்டும் கொடுத்த பதக்கம். இலங்கைப் படைப்பிரிவில் சேர்ந்திருந்தால் அவருக்கு அது கிடைத்திருக்காது. ஆக, உங்கள் தாத்தா தியத்தலாவையிலோ கொழும்பிலோ பெயர் கொடுத்தவர் அல்ல, இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்தவர். தோட்டத்திலிருந்து ஊருக்குப் போன இடத்தில் சேர்ந்தாரா, போர் முடிந்த பிறகுதான் இங்கே வந்தாரா என்பதைப் பதக்கம் சொல்லாது, புத்தகம் சொல்லும்.

பர்மா நட்சத்திரத்தைப் பார்த்து, ரங்கூன் வரை போய்ச் சண்டை போட்டார் என்று குடும்ப வரலாற்றில் எழுதிவிடாதீர்கள். வங்காளத்திலும் அசாமிலும் குறிப்பிட்ட காலத்தில் பணியாற்றிய தரைப்படையினருக்கும் அது கிடைத்தது. மவுண்ட்பேட்டன் கதையும் அப்படியே நிற்காது. அவர் தளபதியாக இருந்த நேச நாட்டுப் படைகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது உண்மை. ஆனால் பர்மா நட்சத்திரம் அறிவிக்கப்பட்டதே 1945இல், இந்தியச் சேவைப் பதக்கம் 1946இல். பேராதனையில் இருந்த காலத்தில் அவர் குத்திவிடுவதற்கு இந்தப் பதக்கங்களே இல்லை. கதையை அழிக்க வேண்டாம். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று எழுதித் தனித்தாளில் வையுங்கள். பதக்கங்களின் விவரத்தோடு கலக்காதீர்கள்.

நகைக் கடைக்காரர் சொன்னதும் தவறு. வட்டப் பதக்கம் இரண்டும் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். முதல் உலகப் போர்க் காலத்துப் பதக்கம் ஒன்று வெள்ளியில் வந்தது, அதை நினைத்துச் சொல்லியிருப்பார். நட்சத்திரங்கள் செம்பும் துத்தநாகமும் கலந்தவை, ஏறக்குறைய பித்தளை. உருக்கினால் ஒன்றும் தேறாது. அடகுக் கடை வாசல் மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. இந்தப் போரின் நட்சத்திரங்களும் பதக்கங்களும் பிரித்தானியப் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுக்கப்பட்டன. இந்தியப் படையினருக்குக் கிடைத்தவற்றில் சிலவற்றில் பெயரும் எண்ணும் உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டறையில் ஃபோன் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நட்சத்திரத்தின் பின்புறத்திலும் வட்டப் பதக்கத்தின் விளிம்பிலும் எழுத்தின் நிழல் விழும். ஒன்றும் இல்லையென்றால், அந்தப் பதக்கங்கள் உங்கள் தாத்தாவுடையவைதான் என்று சொல்ல உலகத்தில் இருக்கும் ஒரே பொருள் அந்தப் பே புக். வீட்டில் இத்தனை வருடமும் துலக்கியது உலோகத்தை, விட்டுவிட்டது தாளை. இனி வரிசையை மாற்றுங்கள்.

ஆகவே புத்தகத்துக்கு வருவோம். லேமினேட் வேண்டவே வேண்டாம். சூட்டில் பசை தாளுக்குள் இறங்கிவிடும், திரும்ப எடுக்க முடியாது. தாளில் இருக்கும் அமிலமும் ஈரமும் பிளாஸ்டிக்குக்குள் அடைபட்டு உள்ளேயே தின்னும். செலோடேப்பும் அதே இனம்தான். பத்துப் பதினைந்து வருடத்தில் பிளாஸ்டிக் உரிந்து விழும், மஞ்சள் பசை மட்டும் எழுத்தின் மேல் தங்கும்.

ஈரத்துணியும் படக்கூடாது. அந்தக் காலப் பட்டாளத்துக் கணக்கெல்லாம் பெரும்பாலும் கொப்பிங் பென்சிலில் எழுதியது. பார்க்கச் சாதாரணப் பென்சில் போலச் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். ஆனால் கரியோடு ஊதாச் சாயமும் கலந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஊதாவாகப் பரவி, எழுத்து கரைந்து போய்விடும். உங்கள் மூன்றாவது படத்தில் ஓரத்தில் தெரியும் ஊதாக் கறை அதுதான். ஒட்டிய பக்கத்துக்கு ஆவி காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

பூஞ்சணத்தை ஈரமாக இருக்கும்போது தொட்டால் தேய்ந்து தாளுக்குள் இறங்கும். காய்ந்தால் தூசியாகிவிடும், அப்போதுதான் தூரிகையால் எடுக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் இதற்கு வாய்ப்பான காலம் தை முதல் பங்குனி வரை. வைகாசிக்குப் பிறகு தென்மேல் பருவக்காற்று வந்துவிட்டால் ஹட்டன், டிக்கோயாவில் வெளியில் வைத்து எதுவும் காயாது. பண்டாரவளையில், பதுளையில் இருப்பவர்களுக்கு இது தலைகீழ்: ஆனி முதல் ஆவணி வரை உலர்ந்திருக்கும், ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தொடக்கூடாது. அவசரமானால் காலநிலை பார்க்காமல் கீழே சொல்லும் பெட்டி முறையில் உலர்த்தலாம்.

நல்ல வெயில் நாளில், வெயில் நேராகப் படாத இஸ்தோப்பில், மேசை மேல் வெள்ளைத் துணி விரித்துப் புத்தகத்தை வையுங்கள். தானாக எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு போதும். வெயிலில் வைத்தால் மை வெளுக்கும், அட்டை வளையும். காலை ஒன்பது மணிக்கு மேல் வைத்து, மூன்று மணிக்கு மூட்டம் இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று நாள். பிறகு என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, முகத்துக்குப் பவுடர் பூசும் மிக மெல்லிய புதிய தூரிகையால், தையல் இருக்கும் நடுப்பகுதியிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துவிடுங்கள். வீட்டுக்குள் செய்யாதீர்கள், இழுப்பு உள்ளவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். காய்ந்தபின் பாதிப் பக்கங்கள் தாமாகப் பிரிந்திருக்கும். பிரியாதவற்றை விட்டுவிடுங்கள். கத்தியை நுழைத்துப் பிரித்தால் எழுத்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகும். துருப்பிடித்த ஸ்டேப்பிளையும் பிடுங்க வேண்டாம், தாள் அதோடு கிழியும்.

பக்கங்களின் மேல்தோல் சுரண்டியதுபோல இருப்பது இராமபாணப் பூச்சியின் வேலை. காய்ந்த புத்தகத்தைச் சிப் பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, வீட்டு ஃப்ரீசரில், அதாவது மைனஸ் 18 பாகையில், இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் திறக்காதீர்கள். ஒரு முழு நாள் அப்படியே இருந்து அறைச் சூட்டுக்கு வந்தபிறகு திறக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் வியர்த்துவிடும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: குளிர் பூச்சியையும் முட்டையையும் கொல்லும், பூஞ்சணத்தைக் கொல்லாது. நஃப்தலின் உருண்டை வேண்டாம். அந்த ஆவி மூடிய பெட்டிக்குள் படிகமாகப் படிவதோடு மூச்சுக்கும் கெடுதல். பச்சை வேப்பிலை போடுவது ஈரத்தைக் கையால் எடுத்துக் கொடுப்பது.

தூரிகை வேலைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள். எழுதாத பக்கம், அட்டையின் உட்புறம், இடையில் செருகிய துண்டுத் தாள் எல்லாமே. இந்த மாதிரிப் பெட்டிகளில் பட்டாளத்துத் தாளோடு 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்த தாளும் துண்டுப் பற்றுச்சீட்டும் மடித்துக் கிடக்கும். பழைய குப்பை என்று அவற்றை எறிந்துவிடாதீர்கள்.

உலோகத்துக்கு வருவோம். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அது கருமையை மட்டும் கரைக்கவில்லை, பித்தளையிலிருந்து துத்தநாகத்தையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய செம்புதான் முனைகளில் சிவப்பாகத் தெரிகிறது. அதைத் திரும்ப மஞ்சளாக்க முடியாது. மறுபடி துலக்கினால் இன்னும் சிவக்கும். சாம்பல் காரம், மணலைப்போல அராவவும் செய்யும். நட்சத்திரத்தின் நடுவில் உள்ள அரசரின் முடியெழுத்து (பெயரெழுத்துச் சின்னம்) மழுங்கியது அதனால்தான். கடையில் விற்கும் பித்தளை பாலிஷும் இந்த விஷயத்தில் மேலானது அல்ல, வெள்ளைப் பொடியாக இடுக்குகளில் தங்கிவிடும்.

பச்சை இரண்டு வகை. கருமை கலந்த பச்சையாக, இறுகி, மெழுகினதுபோல் ஒட்டியிருந்தால் பழைய களிம்பு. அதனால் கெடுதல் இல்லை, விட்டுவிடலாம். வெளிர்பச்சையாக, விரலில் மாவாக வந்தால் அது நடந்துகொண்டிருக்கும் அரிப்பு. புளியோடு உப்பும் சேர்த்துத் துலக்கியிருந்தால் அந்த உப்பின் குளோரைடு உள்ளே தங்கி, காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் உலோகத்தைத் தின்னும். பல் குத்தும் மூங்கில் குச்சியால், பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்து, அந்த மாவை மட்டும் உலர்ந்தபடியே எடுங்கள். ஊசி வேண்டாம். பிறகு ரிபன் நனையாதபடி பிளாஸ்டிக்கால் மூடிப் பிடித்துக்கொண்டு, பாமசியில் வாங்கிய காய்ச்சி வடித்த நீரில் பஞ்சுக் குச்சியை நனைத்து, பிழிந்து, அந்த இடத்தைத் துடையுங்கள். குச்சியில் பச்சை வருவது நிற்கும்வரை புதிய குச்சி. கடைசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு துடைப்பு, உடனே உலர்ந்த பருத்தித் துணி. குழாய்த் தண்ணீர் வேண்டாம். தேங்காயெண்ணெய், வாசலின், நகப்பூச்சு, வார்னிஷ் எதையும் பூசாதீர்கள். வட்டப் பதக்கங்களுக்கு உலர்ந்த துணி ஒன்றே போதும். வெறும் கையால் தொடாதீர்கள், வியர்வையிலும் உப்புதான்.

அரிப்பை நிறுத்துவது துடைப்பு அல்ல, உலர்ந்த காற்று. ஈரப்பதம் 40 வீதத்துக்குக் கீழே இருந்தால் அது அடங்கிவிடும். மலைநாட்டு மழைக்காலத்தில் காம்பராவுக்குள் 80க்கு மேலே இருப்பது சாதாரணம். எனவே மூடியில் ரப்பர் வளையம் உள்ள இறுக்கமான பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று வாங்குங்கள். ஒரு லீட்டர் கொள்ளளவுக்கு 20 கிராம் சிலிக்கா ஜெல் கணக்கு, இரண்டு லீட்டர் பெட்டிக்கு 40 கிராம். சப்பாத்துப் பெட்டியில் வரும் பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்துத் தீர்ந்தது, அதை நம்ப வேண்டாம். நிறம் மாறும் செம்மஞ்சள் மணிகளாக வாங்கினால் எப்போது தீர்ந்தது என்று கண்ணுக்குத் தெரியும். தீர்ந்ததை மின்சார ஓவனில் 120 பாகையில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கி, மூடிய போத்தலில் ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். உள்ளே சிறு ஈரப்பத மானி ஒன்று வையுங்கள்.

வெல்வெட் பெட்டி அழகாக இருக்கும், ஆனால் அதன் சாயமும் பசையும் உலோகத்தைக் கறுக்க வைக்கும். ஒட்டுப்பலகைப் பெட்டி அமில ஆவி விடும். மெத்தென்று, ஒருவித வாசம் வீசும் பீவீசீ ஆல்பம் எல்லாவற்றிலும் மோசம்: சில வருடத்தில் ஒட்டும் திரவம் கசிந்து, செம்பு கலந்த எதையும் பச்சையாக்கும். கஞ்சி போகத் துவைத்த சாயமில்லாத பருத்தித் துணியில் ஒவ்வொரு பதக்கத்தையும் தனியாகச் சுற்றுங்கள்.

பே புக்கை அதே பெட்டியில் வைக்காதீர்கள். உலோகத்துக்குப் பிடித்த வறட்சி தாளையும் தோலையும் நொறுக்கும். தாளுக்கு 45 முதல் 55 வீதம் சரி. இன்னொரு பெட்டியில், வெள்ளைத் தாளில் சுற்றி, பாதி அளவு ஜெல் போட்டு, மானி 45க்கு வந்ததும் ஜெல்லை எடுத்துவிடுங்கள். 60ஐத் தாண்டினால் திரும்பப் போடுங்கள். தொடக்கத்தில் வாரம் ஒரு முறை பார்த்தால் பெட்டியின் போக்கு பிடிபட்டுவிடும். இரண்டு பெட்டியும் விறகடுப்பு இருக்கும் பக்கம் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம், தகரக் கூரைக்கு அடியில் பரணிலும் வேண்டாம். இராக் குளிரில் தகரத்தில் வியர்த்துச் சொட்டும் தண்ணீர் நேராக அங்கேதான் விழும். உள்சுவர்ப் பக்கத்து அலமாரியின் நடுத்தட்டு நல்லது.

ரிபனைத் துவைக்காதீர்கள், சிவப்பு ஓடிவிடும். துருப்பிடித்த ஊக்கை மட்டும் மெதுவாகக் கழற்றுங்கள். புதிய ரிபன் 32 மில்லிமீற்றர் அகலத்தில் விலைக்குக் கிடைக்கிறது. கோத்து மாட்டிப் பார்க்க அதைப் பயன்படுத்தி, பழையதை மடிக்காமல் உறையில் வையுங்கள். சுவரில் மாட்டுவதென்றால் படத்தின் பிரதியை மாட்டலாம். தாத்தாவின் ஒளிப்படம் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதாகத் தெரிகிறது. பிரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே 600 டீபீஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பெல்ட்டில் பக்கிள் ஓரத்தில் இருக்கும் பச்சை மெழுகு, தோலின் கொழுப்பும் செம்பும் சேர்ந்து உண்டானது. குச்சியால் எடுத்துவிட்டு எண்ணெய் போடாமல் விடுங்கள்.

அடுத்து ஆவணங்கள். அவர் உயிரோடு திரும்பியவர். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையகத்தின் பட்டியலில் தேடிப் பயனில்லை, அது இறந்தவர்களுக்கானது. லண்டனுக்கு எழுதியும் நாளைக் கடத்த வேண்டாம். இந்தியப் படைச் சிப்பாய்களின் பதிவு அந்தந்தப் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்தோடு போனது. புத்தகத்தில் மதராஸ் ரெஜிமென்ட் என்றிருந்தால் எழுத வேண்டிய இடம் நீலகிரி வெலிங்டன், மதராஸ் சப்பர்ஸ் என்றிருந்தால் பெங்களூர். கடிதத்தில் படை எண், பதவி, படைப்பிரிவு, சேர்ந்த தேதி, தகப்பன் பெயர் இவ்வளவும் வேண்டும். பெயரை நீங்கள் எழுதும்படி எழுதாமல், புத்தகத்தில் எழுத்தர் எழுதிய எழுத்துக்கூட்டலையே எழுதுங்கள். எண் தவறினால் பதில் வராது, அதனால் முதல் பக்கத்தின் படத்தையும் வையுங்கள்.

புத்தகத்தில் இன்னொன்றும் தேடுங்கள். இந்தியப் படையில் ஒருவரைச் சேர்க்கும்போது கிராமம், தாலுகா, மாவட்டம் என்று எழுதிக்கொள்வது வழக்கம். மலையகத்தில் பல குடும்பங்களுக்கு ‘திருச்சிப் பக்கம்’, ‘சேலம் பக்கம்’ என்பதற்கு மேல் பூர்வீகம் தெரியாது. உங்களுக்கு ஊர்ப் பெயரே கையில் கிடைக்கலாம். பழைய மாவட்ட எல்லைகள் இப்போதுள்ளவை அல்ல என்பதையும், புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்ததையும் நினைவில் வைத்துத் தேடுங்கள்.

சித்தப்பா விஷயம். அவருக்கும் உரிமை உண்டு, அதில் பேச்சில்லை. ஆனால் பெயரில்லாத பதக்கத்தைப் புத்தகத்திலிருந்து பிரித்தால், சந்தையில் கிடைக்கும் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களில் அதுவும் ஒன்றாகிவிடும். அவர் பேரப்பிள்ளைகள் காலத்தில் அது யாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது. நான்கும் புத்தகமும் ஒரே இடத்தில் இருக்கட்டும், அது கோத்தகிரியானாலும் சரி, டிக்கோயாவானாலும் சரி. யார் வீட்டில் உலர்ந்த அலமாரியும், மாதம் ஒரு முறை மானியைப் பார்க்கும் ஆளும் இருக்கிறார்களோ அங்கே இருக்கலாம். மற்றவருக்கு முழு ஸ்கேனும் ஒளிப்படத்தின் நல்ல பிரதியும். வைத்திருப்பவர் யார், என்னென்ன பொருள், அவருக்குப் பின் யாரிடம் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வெலிங்டன் கோத்தகிரியிலிருந்து தொலைவில்லை. படைப்பிரிவு மதராஸ் ரெஜிமென்ட்தான் என்று தெரியவந்தால், கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைச் சித்தப்பாவிடமே விடலாம்.